பொட்டு வைத்த டேப்புகள்

காலையில் எழுந்ததும் சிலர் சாமி படத்தைப் பார்ப்பார்கள், சிலர் உள்ளங்கையைப் பார்ப்பார்கள். நான் பல வருஷங்களாக, நேற்றைய பேக்கப் முடிந்ததா என்று பார்க்கிறேன். கானாடுகாத்தானிலிருந்து காரைக்குடிக்குப் போகும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்துவிட்டால் போனிலேயே பார்த்துவிடுவேன். கறுப்புத் திரையில் ஒரு கட்டளையைத் தட்டினால், முந்தின நாள் ஓடிய வேலைகள் வரிவரியாக வந்து நிற்கும். ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் ஒரே ஒரு ஆங்கில எழுத்து இருக்கும். டி என்றால் நல்லபடியாக முடிந்தது. இ என்றால் ஏதோ தகராறு. பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்த்துவிட்டு, “என்ன தம்பி, ஷேர் மார்க்கெட்டா?” என்பார். “இல்லண்ணே” என்பேன். அதற்கு மேல் விளக்கினால் பள்ளத்தூர் தாண்டுவதற்குள் அவர் தூங்கிவிடுவார், நானும் தூங்கிவிடுவேன்.

காரைக்குடியில் ஒரு ஸ்கேன் சென்டரில் கம்ப்யூட்டர் பார்க்கும் ஆள் நான். ஆட்கள் என்று பன்மையில் சொல்ல வழியில்லை, ஒரே ஆள்தான். பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் நான், இன்டர்நெட் போனாலும் நான், வரவேற்பில் இருக்கும் பெண் பாஸ்வேர்டை மறந்தாலும் நான். இத்தனைக்கும் நடுவில் என் சொந்த வேலை என்று ஒன்று இருந்தது. அதுதான் பேக்கப், கம்ப்யூட்டரில் இருப்பதற்கெல்லாம் நகல் எடுத்துப் பத்திரப்படுத்துவது. ஸ்கேன் மிஷின் எடுக்கும் படங்கள் சாதாரணப் படங்கள் அல்ல. ஒரு ஆளின் நெஞ்சை மட்டும் எடுத்தாலே நூற்றுக்கணக்கில் துண்டு துண்டாக வரும். அத்தனையையும் டிஸ்க்கில் வைத்துக்கொள்ள முதலாளிக்கு மனசு வராது. அதனால் சமீபத்துப் படங்கள் டிஸ்க்கில், பழைய படங்கள் டேப்பில்.

டேப் என்றால் உள்ளங்கையை மறைக்கிற அளவுக்கு ஒரு கறுப்புக் கேசட். அந்தக் கேசட்டுகளை வரிசையாகச் செருகி வைக்கும் பெட்டிக்கு டேப் லைப்ரரி என்று பெரிய பெயர். உள்ளே ஒரு இரும்புக் கை இருக்கிறது. நான் கட்டளை தட்டினால் அது ஊர்ந்து போய்க் கேசட்டை எடுத்து கேசட்டைப் படிக்கும் டிரைவின் வாயில் கொடுக்கும். எந்தக் கேசட் எது என்று அதற்கு எப்படித் தெரியும் என்றால், ஒவ்வொன்றின் முதுகிலும் பார்கோடு ஒட்டியிருக்கும். கோடுகளுக்குக் கீழே நமக்காக எண்ணும் அச்சிட்டிருக்கும். பெட்டி நிறைந்த பிறகு பழைய கேசட்டுகளை வெளியே எடுத்து, பக்கத்திலேயே ஒரு ஸ்டீல் பீரோவில் அடுக்கிவிடுவேன். சென்டர் நடப்பது ஒரு பழைய செட்டியார் வீட்டில்; பெட்டியும் பீரோவும் இருக்கும் அறை ஒரு காலத்தில் கல்யாணப் பாத்திரங்கள் வைத்திருந்த அறையாம். சுவர் அவ்வளவு தடிமன். “இந்தச் சுவருக்கு ஏசி எதுக்கு தம்பி?” என்று முதலாளி வருஷம் தவறாமல் கேட்பார். நானும் வருஷம் தவறாமல் அதே பதிலைச் சொல்வேன்.

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள். எங்கள் பக்கம் வெயிலுக்குப் பஞ்சமே இல்லை, ஆனாலும் என் வேலையின் அருமை யாருக்கும் தெரிந்ததில்லை. பழைய படம் ஒன்று வேண்டும் என்று யாரும் கேட்டதே கிடையாது. கேட்காத கேள்விக்குத் தினமும் பதில் தயார் செய்து வைத்துக்கொண்டிருப்பது எவ்வளவு அலுப்பு என்று செய்து பார்த்தால்தான் தெரியும். ஆரம்பத்தில் டி என்ற எழுத்தைப் பார்த்தால் ஒரு திருப்தி வரும். பிறகு அது வெறும் எழுத்தாகிவிட்டது. இ என்று வந்தால்கூடக் கோபம் வராது, பெருமூச்சுதான் வரும். டிரைவைச் சுத்தம் செய், கேசட்டை மாற்று, மறுபடி ஓட்டு. ஊதுகிற சங்கை ஊதிவிடுவோம் என்று ஊதிக்கொண்டிருந்தேன்.

அந்த அறைக்குள் என்னைத் தவிர வந்து போகிற ஒரே மனுஷி அக்கா. சென்டரைக் கூட்டிப் பெருக்கி, தண்ணீர்க் கேன் மாற்றி, நோயாளிகளுக்கு உடுப்பு மாற்ற உதவி செய்கிறவர். வலையபட்டியிலிருந்து வருவார். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். அவருக்கு அந்தப் பெட்டி மேல் ஒரு பிரியம். இரும்புக் கை நகர்வதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு துடைப்பத்தோடு நிற்பார். “என்னத்த தம்பி இம்புட்டுப் பொறுப்பா எடுத்து எடுத்து வைக்குது?” என்பார். “எல்லாரோட நெஞ்சும் வயிறுந்தான்க்கா” என்பேன். “ஆத்தாடி” என்று சொல்லிவிட்டுப் பெருக்கப் போய்விடுவார்.

ஆயுத பூஜை முடிந்து சில வாரங்கள் ஆகியிருக்கும். அக்காவுக்கு இருமல் நிற்கவே இல்லை. எங்கள் சென்டரில் படம் பார்த்து ரிப்போர்ட் எழுதும் டாக்டரம்மா ஒரு நாள் பொறுக்க முடியாமல், “வந்து படுங்க” என்று அவரை மிஷினில் படுக்க வைத்துவிட்டார். வலது நுரையீரலில் ஒரு சின்னக் கட்டி தெரிந்தது. மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் நெஞ்சைத் திறந்து எடுத்துவிட வேண்டும் என்று சொல்லி நாள் குறித்துவிட்டார்கள்.

குறித்த நாளுக்கு முந்தின நாள் காலையில் டாக்டரம்மா என் மேசைக்கு வந்து நின்றார். அவர் அங்கே வருவது பிரிண்டருக்காகத்தான். அன்று பிரிண்டரைப் பற்றிப் பேசவில்லை.

“கொரோனா சமயத்துல அக்காவுக்குக் காய்ச்சல்னு இங்கயே ஒரு ஸ்கேன் எடுத்தோம். ஞாபகம் இருக்கா?”

இருந்தது. முதலாளி காசு வாங்காமல் எடுக்கச் சொன்னார். காசு வாங்காததால் ஃபிலிமும் போட்டுக் கொடுக்கவில்லை.

“அந்தப் படம் வேணும். இந்தக் கட்டி அப்பவே இதே அளவுல இருந்திருந்தா, இத்தனை வருஷமா வளராமக் கிடக்குதுன்னு அர்த்தம். அப்போ குத்த வேணாம், அறுக்க வேணாம், விட்டுரலாம். மதுரை டாக்டர்கிட்டயும் பேசிட்டேன். படத்தைப் பாத்துட்டு முடிவு பண்ணலாம்னு சொல்லிட்டார்.”

“ரிப்போர்ட்ல இருக்காதா மேடம்?”

“ரிப்போர்ட்ல எதுவும் எழுதல. அன்னைக்கு இருந்த அவசரத்துல இவ்வளவு சின்னதை யார் கவனிச்சிருப்பா? படத்தைப் பாத்தாதான் தெரியும்.”

அவர் போனதும், கதவுக்குப் பின்னால் நின்றிருந்த அக்கா உள்ளே வந்தார். “எங்க அக்காவ இப்பிடித்தேன் மதுரைக்குக் கூட்டிட்டுப் போனாக தம்பி. நெஞ்சத் தொறந்தாக. திரும்ப வரல” என்றார். “எனக்கு அறுக்க வேணாம். எப்பிடியாச்சும் அந்தப் படத்தத் தேடிக் குடுங்க.”

எனக்குள் என்ன நடந்தது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். பயம் வரவில்லை, சந்தோஷம் வந்தது. இத்தனை வருஷம் கழித்து ஒருவர் என்னிடம் வந்து அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டார். “இருக்குக்கா, எங்கயும் போகல. மத்தியானத்துக்குள்ள எடுத்துர்றேன்” என்றேன். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கட்டளையைத் தட்டினேன். எந்தப் படம் எந்தக் கேசட்டில் இருக்கிறது என்று கேட்டால் சொல்லும் கட்டளை அது. கண் மூடித் திறப்பதற்குள் கேசட்டின் எண் வந்துவிட்டது. சாவியை எடுத்துக்கொண்டு போய் பீரோவைத் திறந்தேன்.

அடுக்கியிருந்த அத்தனை கேசட்டுகளும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும், பார்கோடு ஒட்டிய இடத்தில், நட்ட நடுவே கட்டை விரல் அகலத்துக்குச் சந்தனம். சந்தனத்துக்கு நடுவே குங்குமம். காய்ந்து வெடித்திருந்தது.

“இது யாருக்கா வச்சது?” என்றேன். கேட்கும்போதே தெரியும்.

“நாந்தேன்” என்றார் அக்கா. “நீங்க பூசைக்கு ஒக்கூருக்கு மாமியார் வீட்டுக்குப் போயிட்டீக. முதலாளி பீரோவத் தொறந்துவிட்டு ஒண்ணு விடாம வையின்னாரு. தொடைச்சுட்டுத்தான் வச்சேன்.”

துடைத்துவிட்டு என்பதுதான் இன்னும் மோசம். ஈரத்துணியால் துடைத்திருக்கிறார். ஸ்டிக்கரில் அச்சிட்ட எண்கள் ஈரத்தில் கலங்கி, அதன் மேல் சந்தனம் ஊறி, நகத்தால் சுரண்டிப் பார்த்தபோது காகிதமும் சேர்ந்து கையோடு வந்தது. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எந்தப் பொருளுக்கும் நெற்றி என்று ஒன்றைப் பார்த்துத்தானே பொட்டு வைப்போம்? இந்தக் கேசட்டுக்கு வெள்ளையாக இருக்கும் அந்த இடம்தான் நெற்றி மாதிரி தெரியும். நானே வைத்தாலும் அங்கேதான் வைத்திருப்பேன். இதெல்லாம் பிறகு யோசித்தது. அந்த நேரத்தில் எனக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது.

“படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கேன்ல, என்னையக் கேக்காம எதையும் தொடாதீகன்னு?” என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். அக்கா பீரோவின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். “இந்தப் பீரோவ மட்டும் விட்டுட்டா நல்லாவா இருக்கும்னு வச்சேன் தம்பி” என்றார். தன் நெஞ்சுப் படம் இருக்கும் கேசட்டுக்கும் சேர்த்துத்தான் அவர் பொட்டு வைத்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கோபம் இறங்கிவிட்டது, பழைய அலுப்பு வந்து உட்கார்ந்துகொண்டது.

பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்றைத் தேடி எடுத்தேன். ஒவ்வொரு கேசட்டையும் வாசலுக்குக் கொண்டுபோய்ச் சந்தனப் பொடியைத் தட்டித் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்து, பெட்டியில் இருந்த கேசட்டுகளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் செருகினேன். லைப்ரரியின் நிலவரத்தைக் கேட்கும் கட்டளையைத் தட்டினால், வழக்கமாக பெட்டிக்குள் கேசட் செருகும் ஒவ்வொரு சின்ன அறைக்கும் நேராகக் கேசட்டின் எண் வரும். அன்று எல்லா அறையும் நிறைந்திருக்கிறது என்று மட்டும் வந்தது. யார் எவர் என்ற தகவல் இல்லை. இனி ஒரே வழிதான். ஒவ்வொன்றாக டிரைவில் ஏற்றி, உள்ளே இருக்கும் நாடாவின் தொடக்கத்தில் பதிந்திருக்கும் எண்ணைப் படித்துப் பார்க்க வேண்டும். ஏற்று, சுற்று, படி, இறக்கு. அடுத்தது. நல்லவேளையாக அந்த எண்ணுக்கு யாரும் பொட்டு வைக்க முடியாது.

கேட்பதற்கு எளிதாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு கேசட்டும் உள்ளே போய், உறுமி, நாடாவை இழுத்து, நிதானமாகப் பதில் சொல்லும். அவசரப்படுத்த முடியாது. மத்தியானம் வந்தது, சாப்பாட்டைத் திறக்கவில்லை. முதலாளி வந்து எட்டிப் பார்த்தார். “என்ன தம்பி, பொத்தானைத் தட்டுனா வந்துரும்னு சொல்லித்தான டேப்பு டேப்பா வாங்குனீக?” என்றார். அவர் கையில் ஒரு கேசட்டைக் கொடுத்தேன். குங்குமத்தைப் பார்த்தார். பீரோவைத் திறந்துவிட்டது யார் என்பது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். “சரி சரி, பாருங்க” என்று போய்விட்டார்.

அக்காவை வீட்டுக்குப் போகச் சொன்னேன், போகவில்லை. அறைக்கு வெளியே தரையில் உட்கார்ந்துகொண்டார். நான் ஒரு கேசட்டை இறக்குகிற சத்தம் கேட்டால் தலையைத் தூக்குவார். நான் இல்லை என்று தலையாட்டினால் மறுபடி குனிந்துகொள்வார். நடு நடுவே இருமினார்.

ஐந்து மணி வாக்கில் டிரைவ் மக்கர் செய்தது. என்னதான் தேய்த்தாலும் சந்தனத் தூள் உள்ளே போயிருக்கிறது. சுத்தம் செய்யச் சொல்லித் திரையில் எச்சரிக்கை வந்தது. சுத்தம் செய்வதற்கென்றே இருக்கும் கேசட்டைப் போட்டு ஓட்டினேன். மறுபடி எச்சரிக்கை. மறுபடி ஓட்டினேன். டிரைவ் போய்விட்டால் புதிதாக வருவதற்கு எத்தனை நாள் ஆகுமோ தெரியாது, அக்கா மறுநாள் காலையில் மதுரையில் இருக்க வேண்டும். என் ஆயுளில் எந்தச் சாமியிடமும் ஒரு மிஷினுக்காக வேண்டிக்கொண்டது கிடையாது. அன்று பிள்ளையார்பட்டி இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டேன். அடுத்த தடவை எச்சரிக்கை வரவில்லை.

அதற்கு அடுத்த கேசட்டில் நான் தேடிய எண் வந்தது.

“கெடச்சிருச்சுக்கா” என்றேன். அக்கா எழுந்து வந்து திரையைப் பார்த்தார். படங்கள் ஒவ்வொன்றாக டேப்பிலிருந்து டிஸ்க்குக்கு இறங்குவதை வரிவரியாகக் காட்டிக்கொண்டிருந்தது. அவருக்கு அதில் ஒன்றும் புரியாது, ஆனாலும் கடைசி வரி வரைக்கும் நின்று பார்த்தார். ஓரத்தில் டி என்று வந்தது. அந்த எழுத்தைப் பார்த்து நான் சிரித்து எத்தனையோ வருஷமாகியிருந்தது. அன்று சிரித்தேன். அக்காவும் சிரித்தார்.

டாக்டரம்மா தன் அறையில் இரண்டு திரைகளிலும் படங்களைப் போட்டார். இடது பக்கம் அன்று எடுத்தது, வலது பக்கம் இப்போது எடுத்தது. சக்கரத்தை உருட்டி உருட்டி ஒவ்வொரு துண்டாகப் பார்த்துக்கொண்டே வந்தார். நானும் அக்காவும் பின்னால் நின்றோம். வலது பக்கத்தில் கட்டி தெரிந்த இடத்தில் நிறுத்தினார். இடது பக்கத்தில் அதே இடத்துக்கு வந்தார். கொஞ்சம் முன்னால் போனார், கொஞ்சம் பின்னால் வந்தார். எனக்குப் படம் பார்க்கத் தெரியாது. ஆனால் இருப்பதும் இல்லாததும் யாருக்கும் தெரியும். இடது பக்கத்தில் அந்த இடம் சுத்தமாக இருந்தது.

“அன்னைக்கு இது இல்லக்கா” என்றார் டாக்டரம்மா. “புதுசா வந்திருக்கு. அதனால தள்ளிப் போட வேணாம். நாளைக்குக் கண்டிப்பாப் போயிருங்க. சின்னதா இருக்கும்போதே பாத்துர்றது நல்லது.”

அக்கா சரி என்று தலையாட்டினார். என் பின்னாலேயே அறைக்கு வந்தார். வெளியே விளக்குப் போட்டிருந்தார்கள். நான் கேசட்டை இறக்குவதற்காக உட்கார்ந்தேன். அவர் என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

“தம்பி, நான் ஈரத்துணியில தொடைச்சேன்ல. அதுல அழிஞ்சிருக்குமா?”

“எது அழிஞ்சிருக்குமாக்கா?”

“அந்தக் கட்டி. அப்பவே இருந்திருக்கும். நான் தொடைச்சதுல, சந்தனம் வச்சதுல, படத்துல அந்த எடம் மட்டும் அழிஞ்சு போயிருக்கும். அந்த நம்பரெல்லாம் அழிஞ்சுச்சுல்ல, அது மாதிரி.”

காலையில் நான் போட்ட சத்தத்தை அவர் நாள் முழுக்க வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அதையே இப்போது பிடிமானமாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அவர் துடைத்ததால்தான் படம் கெட்டுப்போனது என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவருக்கு அறுக்க வேண்டியதில்லை.

அப்படி நடக்காது என்று எனக்குத் தெரியும். கேசட்டின் மேல் எதைத் தடவினாலும் உள்ளே இருக்கும் நாடாவில் ஒரு ஆளின் நெஞ்சிலிருந்து ஒரு கட்டி மட்டும் நீங்காது. ஆனாலும் அவர் கண்ணெதிரே பார்த்துச் சொல்லலாம் என்று தோன்றியது. எழுதிய அன்று படங்கள் எப்படி இருந்தனவோ இன்றும் அப்படியே இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்க்கும் கட்டளை ஒன்று உண்டு. இத்தனை வருஷமாக நான் அந்தக் கட்டளையை ஓட்டும்போதெல்லாம் எதுவும் மாறியிருக்கக் கூடாது என்றுதான் நினைப்பேன். அன்று ஒரே ஒரு வரியாவது மாறியிருக்காதா என்று நினைத்துக்கொண்டே தட்டினேன். வரிகள் ஓடின. எல்லாம் சரி, எல்லாம் சரி என்று ஒன்றன் கீழ் ஒன்றாக வந்துகொண்டே இருந்தது. கடைசி வரி வரைக்கும் அப்படித்தான்.

அக்கா திரையைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இல்லக்கா. எதுவும் அழியல. அன்னைக்கு எடுத்தது அப்படியே இருக்கு. உங்களால ஒண்ணும் ஆகல” என்றேன்.

கடைசி வாக்கியத்தை ஆறுதலாகத்தான் சொன்னேன். அது ஆறுதல் இல்லை என்பது சொல்லி முடித்த பிறகு தெரிந்தது.

அக்கா பீரோவின் மேல் வைத்திருந்த தன் பையை எடுத்துக்கொண்டார். வாசல் வரைக்கும் போனவர் திரும்பினார். கோபமாகச் சொல்லவில்லை, குறை சொல்வது மாதிரிகூட இல்லை.

“ஒரு பேச்சுக்காச்சும் அழிஞ்சிருச்சுன்னு சொல்லியிருக்கலாம்ல தம்பி” என்றார். “இன்னைக்கு ஒரு ராத்திரியாச்சும் தூங்கியிருப்பேன்.”

“சொன்னா நீங்க காலையில பஸ் ஏற மாட்டீகக்கா” என்றேன்.

“சொல்லியிருந்தா ஏறத்தேன் மாட்டேன். இப்ப ஏறணும்ல” என்று சொல்லிவிட்டு, போய் வருகிறேன் என்று கையைக் காட்டிவிட்டு நடந்தார்.